பன்னிரண்டு கற்களும் வேங்கை மேசையும்

கல் நடக்கும் என்பது கருவேங்கைக்குடிக்காரர்களுக்கு ஆதியிலேயே தெரியும், நடந்தால் எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஹார்கிரேவ் துரையின் பேத்தி சலோமிக்கு ஐம்பத்துமூன்று வயது முடிந்த அந்தப் பங்குனி மாதத்தில், ஒரு காலை நேரம், பன்னிரண்டு எல்லைக்கற்களில் முதல் கல் பங்களாவின் சாப்பாட்டு அறை நிலைப்படியில் ஏறியது. அவள் அப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கல்லுக்கு வழிவிட்டு நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு மிச்ச ரொட்டியையும் தின்று முடித்தாள்.

"வந்துருச்சு தாவீது," என்றாள்.

சமையல்காரர் தாவீது காப்பித் தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் குனிந்து, நிலைக்கும் மேசைக்கும் நடுவே கையால் அளந்தார். "பத்தடிம்மா. ஒரு நாளைக்கு மூணு விரக்கடை. அப்படின்னா அம்பத்துநாலு நாளு." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மத்தியானத்துக்கு முருங்கக்கா போடவா, கத்திரிக்கா போடவா?" என்று கேட்டார்.

ஐம்பத்துநாலு நாள் என்பது அந்தக் குடும்பத்துக்கு மிச்சமிருந்த காலம். தொடக்கத்தில் அது தொண்ணூற்றைந்து வருஷமாக இருந்தது.

எட்மண்ட் ஹார்கிரேவ் மலையேறி வந்தபோது அவருக்கு இருபத்துமூன்று வயது. கூட இரண்டு கோவேறு கழுதை, ஒரு சாக்குக் காப்பிக்கொட்டை, வாயில் நாலே நாலு தமிழ் வார்த்தை. அந்த நாலில் மூன்று வா, போ, சீக்கிரம். நாலாவதைச் சபையில் சொல்ல முடியாது. கையில் சர்க்கார் கொடுத்த காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தில் மூவாயிரம் ஏக்கர் காடு இருந்தது, ஓடை இருந்தது, தேன்பாறை இருந்தது, யானை போகும் வழிகூடப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தது. கருவேங்கைக்குடி என்கிற ஊரும் அதிலிருந்த நாற்பது குடிசையும் மட்டும் இல்லை. துரையின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை என்பதால் ஆறுகரைத் துரை என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மலையில் ஆறும் இல்லை, கரையும் இல்லை.

துரை எல்லைக்கல் நட்டார். யானை பிடுங்கிப் போட்டது. மறுபடி நட்டார். ஐப்பசி மழை உருட்டிக்கொண்டு போனது. மூன்றாம் தடவை, சமவெளியிலிருந்து கூலியாட்களைக் கூட்டி வந்திருந்த கங்காணி மூக்கையா தலையைச் சொறிந்தபடி சொன்னான்: "தொரை, இந்த மலைக்காரனுவ தேன்பாறைக்குக் கல்லு நட்டிருக்கானுவ. ஆனை முட்டுனாலும் அசையறதில்ல. அவனுவளையே நடச் சொன்னா என்ன?"

கருவேங்கைக்குடி மூப்பன் கங்கனை வரவழைத்து ஒரு கம்பளியும் ஒரு கட்டுப் புகையிலையும் கொடுத்தார்கள். கங்கன் அதை வாங்கிக்கொண்டு, அவர்கள் முறைப்படியே பன்னிரண்டு கல்லையும் நட்டுக்கொடுத்தான். அந்த முறை இதுதான். ஊர் நடுவே ஒரு கிழட்டு வேங்கை மரம் நின்றது. ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும், விழுந்த தொப்புள்கொடியை இரண்டாக அறுத்து ஒரு பாதியை வேங்கையின் காலடியில் புதைப்பார்கள். மறுபாதியைக் காயவைத்து மூங்கில் குழாயில் போட்டு வைப்பார்கள். எல்லைக்கல் நடும்போது அந்தக் காய்ந்த பாதியில் ஒன்றைக் குழியில் போட்டு அதன்மேல் கல்லை நிறுத்துவார்கள். தாய் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்த பிள்ளை எப்படி விளையாடிய இடத்திலேயே பயமில்லாமல் விளையாடுமோ, அப்படி அந்தக் கல் நின்ற இடத்திலேயே நிற்கும். யானை உரசினாலும் நிற்கும், மலையே சரிந்தாலும் நிற்கும். தாய் நிற்கிறவரைக்கும்.

நாலாம் வருஷம் துரைக்குப் பங்களா கட்டும் ஆசை வந்தது. வேங்கை நின்ற மேட்டிலிருந்து பார்த்தால் அடிவாரத்துச் சந்தைப்பட்டியும், அதற்கப்பால் கண்மாய்களும் வெயிலில் பளபளப்பது தெரியும். அந்த இடம்தான் வேண்டும் என்றார். நாற்பது குடிசையையும் ஓடைக்கு அந்தப் புறத்துச் சரிவுக்குத் தள்ளினார்கள், மரத்தை வெட்டினார்கள். பதினோரு நாள் வெட்டினார்கள். வேங்கைக்கு வெட்டுப்பட்டால் ரத்தம்போலப் பால் வடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பதினோரு நாளும் ஆட்கள் வேட்டியை ஓடையில் அலசி அலசி, ஓடைத்தண்ணீர் சந்தைப்பட்டி வரைக்கும் செம்மண் நிறத்தில் போனது. அடிமரத்தை மட்டும் பிடுங்க முடியவில்லை. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று துரை அதைச் சுற்றியே சாப்பாட்டு அறையைக் கட்டினார். கரையான் ஏறாமலிருக்க அதன் காலடியில் இரண்டடி கனத்துக்குச் சுண்ணாம்புக் காரை கொட்டி இடித்து, மேலே பலகை பாவி, மரத்தின் தலையை இழைத்து மெழுகு பூசி மேசையாக்கினார். முதல் மூன்று வருஷம் அந்த மேசை கசிந்துகொண்டே இருந்தது. துரைசாணி அதன்மேல் விரிக்கும் வெள்ளைத் துணியெல்லாம் சாயம் போட்டதுபோல ஆனது. பிறகு காய்ந்துவிட்டது.

மரம் விழுந்த மறுநாள் காலை கங்காணி மூக்கையா மூச்சிரைக்க ஓடிவந்தான். "தொரை, கல்லு மூணு விரக்கடை உள்ள வந்துருக்கு."

"எந்தக் கல்?"

"எல்லாக் கல்லும்."

புல் மடங்காமல், மண்ணில் கோடு விழாமல், பன்னிரண்டு பக்கத்திலிருந்தும் பன்னிரண்டு கல்லும் பங்களாவை நோக்கி நடந்தன. பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விடிந்தால் மூன்று விரற்கடை. துரை பின்னால் தள்ளி நட்டார், அவை மறுநாளே விட்ட இடத்துக்கு வந்து, அதற்கு மேலும் மூன்று விரற்கடை வந்தன. சங்கிலி போட்டு மரத்தில் கட்டினார், மரம் சாய்ந்தது. அவர் மகன் பெர்சி பெரியவனானதும் ஒரு கல்லைச் சம்மட்டியால் உடைத்துப் பார்த்தார். அது பதினேழு துண்டாயிற்று. பதினேழும் தாய்வாத்துக்குப் பின்னால் குஞ்சு போவதுபோல வரிசையாக, பெரியது முன்னால் சின்னது பின்னால், அதே மூன்று விரற்கடை நடந்தன. கடைசியில் வந்தது ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பெர்சி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

இப்படி ஒன்று நடந்தால் உலகம் நின்றுவிடும் என்று நினைப்போம். எஸ்டேட்டில் அப்படி ஒன்றும் நிற்கவில்லை. கூலியாட்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் வயதைக் கல்லை வைத்துச் சொல்லப் பழகினார்கள். "அஞ்சாங்கல்லு ஆரஞ்சுத் தோட்டத்துல இருக்கச்ச பெறந்தவ இவ," என்றால் மாப்பிள்ளை வீட்டார் மறுகேள்வி கேட்பதில்லை. ஒன்பதாம் கல் லயத்தின் நடுவீட்டை நோக்கி வந்தபோது சுவரில் ஆளளவு வழி எடுத்துவிட்டார்கள். பொன்னழகி என்பவளின் அடுக்களையைக் கடக்க அதற்கு நாற்பத்துமூன்று நாள் ஆயிற்று. அந்த நாற்பத்துமூன்று நாளும் அவள் அதன் தலையில் உறியை இறக்கி வைத்தாள், ஈரத்துணியைக் காயப் போட்டாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஆம்பள இருக்கிற வீட்டுல இன்னொண்ணை நிறுத்தி வச்சிருக்கியே," என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள்.

"இது குடிச்சுட்டு வராது, ஒரே தெசையில போகும், கேட்டதுக்கு எதுத்துப் பேசாது. ஒம் புருசனைக் குடுத்துட்டு நீயும் ஒண்ணு வாங்கிக்க."

கல் பின்சுவரைத் தாண்டி வெளியே போன அன்று பொன்னழகி ஒரு பாடு அழுதாள். "பொண்ணைக் கட்டிக்குடுத்தாப்ல வீடு வெறிச்சுனு கெடக்குடி," என்றாள்.

வெளியே நிலைமை வேறு. கற்கள் கடந்து வந்த நிலத்தில், இது நம் நிலம்தானே, நமக்கே திரும்பிவிட்டது என்று கருவேங்கைக்குடிக்காரர்கள் சாமை விதைத்தார்கள். சர்க்கார் ஆட்கள் வரைபடத்தோடு வந்தார்கள். கல் இருக்க வேண்டிய இடத்தில் கல் இல்லை, ஆகவே கல் திருட்டு என்று எழுதினார்கள். கங்கனின் பேரன் சடையாண்டி கையைக் கட்டிக்கொண்டு, "கல்லு அந்தா நிக்குதே சாமி," என்று காட்டினான். "அது நிக்க வேண்டிய எடம் அது இல்லையே," என்றார் வந்தவர். சடையாண்டி ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அதற்குள் புது உத்தரவு ஒன்று வந்திருந்தது: எல்லைக்கல்லுக்கு வெளியே கிடக்கும் நிலம் உடைமையற்றது, சர்க்காருக்குச் சேர்ந்தது, உள்ளே நுழைந்தால் குற்றம். வரைபடத்தைப் பார்த்தால் அவர்கள் திருடர்கள், கல்லைப் பார்த்தால் அத்துமீறியவர்கள். கல் நடக்க நடக்கக் கம்பிவேலியும் பின்னாலேயே நடந்து வந்தது. ஒரு வருஷம் கல்லறைத் தோட்டத்தையும் தாண்டியது. ஆறுகரைத் துரையும் துரைசாணியும் படுத்திருந்த இடம் துரையின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. அவர்கள் தலைமாட்டில் அந்நியர் பிரவேசிக்கக் கூடாது என்று பலகை நட்டார்கள்.

எல்லைக்குள் மிச்சமிருக்கும் நிலத்தை மட்டும் ஹார்கிரேவ் குடும்பம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இது எல்லோருக்கும் தெரியும். கருவேங்கைக்குடிக்காரர்கள் மூவாயிரம் ஏக்கரையும் கேட்கவில்லை, முந்நூறையும் கேட்கவில்லை, மரம் நின்ற இடத்தை மட்டும் கேட்டார்கள். மரம் போன பிறகு பிறந்த பிள்ளைகளின் கொடியைப் புதைக்க அவர்களுக்கு வேறு மண் கிடையாது. அறுக்காமல் முழுசாகவே குழாய்களில் போட்டுக் கூரை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கொடி மண்ணில் சேராதவனை அவர்கள் பேச்சில் அந்தரத்தாள் என்பார்கள். அந்தரத்தாள் செத்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்பான் என்பது அவர்கள் நம்பிக்கை.

துரை கிழவராகிப் படுக்கையில் விழுந்தபோது கங்கனின் மகன் வந்து கேட்டான். அதற்குள் நல்ல தமிழ் பேசக் கற்றிருந்த துரை கனிவாகவே சொன்னார்: "இந்தப் பழம் எடுத்துடட்டும். அப்புறம் பார்க்கலாம்." காப்பிப்பழம் எடுத்து முடிக்குமுன் அவர் போய்விட்டார். பெர்சியிடம் சடையாண்டி மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும், "இந்தப் பழம் எடுத்துடட்டும்." பெர்சி சந்தைப்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஞானப்பூவைக் கட்டிக்கொண்டார், சலோமி பிறந்தாள், ஞானப்பூ காய்ச்சலில் போனாள், பெர்சியும் போனார். அப்போது சலோமிக்கு இருபத்தெட்டு வயது, கல்லுக்குள் இருநூறு ஏக்கர் இருந்தது.

காரியம் முடிந்து எட்டாம் நாள் சடையாண்டி வந்து போர்டிகோவில் நின்றான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது.

"எங்க தாத்தன் நட்ட கல்லு. தப்பு எங்க மேலயும் இருக்கு," என்றான். "அந்த மேசை இருக்கிற எடம் மட்டும் போதும் தாயி."

"வீட்டுக்கு நடுவுல எப்படிப்பா தர்றது? ஓடைக்கரையில நல்ல எடமா அரை ஏக்கர் தர்றேன்."

"அங்க எங்க ஆத்தா இல்லையே."

சலோமி மனசு கல்லில்லை. அன்று அவளுக்கு உண்மையிலேயே கொடுத்துவிடத்தான் தோன்றியது. ஆனால் சாப்பாட்டு அறையை இடிக்க வேண்டும், கூரையைப் பிரிக்க வேண்டும், பங்களாவையே விட வேண்டியிருக்கும், அந்த வருஷம் விளைச்சல் வேறு கிளை ஒடியக் காய்த்திருந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது. "இந்தப் பழம் எடுத்துடட்டும்," என்றாள்.

சடையாண்டி சிரித்தான். "ஒங்க தாத்தா கொரல் அப்படியே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான். மறுபடி அவன் கேட்க வரவில்லை.

பிறகு இருநூறு ஏக்கர் எழுபத்தைந்தாயிற்று, எழுபத்தைந்து எட்டாயிற்று. கடைசி ஆரஞ்சு மரமும் கல்லுக்கு வெளியே போன வருஷம், இனி எடுக்கப் பழம் இல்லை என்று ஆனபிறகு, சலோமிக்குக் கொடுக்கும் மனசு முழுசாக வந்தது. சந்தைப்பட்டிக்கு இறங்கிப் போய்ப் பத்திரம் எழுதக் கேட்டாள். நாலு பக்கமும் எல்லை சொல்லுங்கள் என்றார்கள், சொன்னாள். நாற்பதாம் நாள் இடத்தைப் பார்வையிட வந்தார்கள்; அதற்குள் கற்கள் ஏழெட்டு அடி உள்ளே வந்திருந்தன. பத்திரத்தில் இருக்கும் இடமும் தரையில் இருக்கும் இடமும் ஒன்றாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி எழுதினாள், மறுபடி நாற்பது நாள், மறுபடி ஏழெட்டு அடி. நாலாவது முறை அந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "அம்மா, கல்லை ஒரு மாசம் நிக்கச் சொல்லிட்டு வாங்க," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

அப்படித்தான் அந்தப் பங்குனிக் காலை வந்தது.

தாவீதிடம் கத்திரிக்காய் என்று சொல்லிவிட்டு, சலோமி ஓடையைத் தாண்டிச் சரிவில் இறங்கினாள். சடையாண்டி செத்து மூன்று வருஷமாகியிருந்தது. அவன் மகன் நல்லான், சந்தைப்பட்டி ஆரஞ்சு வியாபாரியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவன், வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வெள்ளச்சி நிறைமாதத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லான், வெளிய வாங்க," என்றாள் சலோமி. அந்தக் குடும்பத்தில் யாரும் கருவேங்கைக்குடிக்காரர்களை வாங்க என்று சொன்னதில்லை. நல்லான் மெதுவாக வெளியே வந்தான்.

"பத்திரம் ஆகாது. என் வாய்வார்த்தைதான் இருக்கு. அம்பத்துநாலு நாளு இருக்கு. எடுத்துக்கங்க."

நல்லான் கையிலிருந்த மசகை வேட்டியில் துடைத்தான். "கூரைக்குக் கீழ கொடி போட மாட்டோமே. வானம் பாக்கணும்."

"பிரிச்சுருவோம்."

"அப்புறம் எங்க படுப்பீங்க?"

"அது என் பாடு."

"எங்கப்பன் இருக்கையில சொல்லியிருக்கலாம்ல நீங்க," என்று கேட்டான் நல்லான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வெள்ளச்சிதான் இடையில் புகுந்து, "பேச்சு வளக்காம ஏணியை எடுய்யா," என்றாள்.

ஓட்டைப் பிரிக்க ஒன்பது நாள். சாப்பாட்டு அறைக்குமேல் வானம் வந்தது. சித்திரையில் பூமழை பெய்து, எவருக்கும் சொந்தமில்லாத காப்பிச்செடிகளெல்லாம் வேலிக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, அந்த வாசனை திறந்த கூரை வழியாக இறங்கி மழைநீரோடு மேசைமேல் தேங்கியது. பலகையைப் பெயர்த்தார்கள். அடியில் காரை. அந்தக் காலத்துச் சுண்ணாம்பு, கருப்பட்டியும் கடுக்காயும் போட்டு இடித்தது. கடப்பாரை பட்டால் தீப்பொறி பறந்தது, ஒரு விரல் ஆழம் தோண்ட ஒரு பகல் ஆனது. சுற்றிலும் கற்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. தோண்டுகிறவர்கள் அவற்றின்மேல் சட்டையைக் கழற்றிப் போட்டார்கள், கஞ்சித் தூக்கை வைத்தார்கள். யாரும் அவற்றைத் திட்டவில்லை. பிள்ளை தாயிடம் வருகிறது, அதைப் போய் என்ன சொல்ல?

நாற்பத்துநாலாம் நாள் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. மண். கறுப்பு மண், தொண்ணூற்றைந்து வருஷம் ஈரம் காணாத மண். அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக்கூட இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கை நுழையும் அளவுக்கு ஒரு குழி.

அன்று சாயங்காலமே கருவேங்கைக்குடி முழுக்க வந்தது. கூரைகளிலிருந்து அவிழ்த்த மூங்கில் குழாய்களைக் கட்டுக் கட்டாகத் தோளில் சுமந்து வந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு குழாய். புகைபட்டுக் கறுத்துக் கிடந்தன.

முறைப்படி மூத்தவர் கொடிதான் முதலில் மண்ணைத் தொட வேண்டும். மூத்த தாத்தன் இறங்காமல் பேரன் இறங்கக் கூடாது. எது மூத்தது? குழாய்களின் மேல் குடும்பத்துக்கு ஒரு கீறல், தலைமுறைக்கு ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார்கள். பழைய குழாய்களின் கீறலை வண்டு அரித்திருந்தது. ஒரே மாதிரி கறுத்த ஏழு குழாய், ஏழு குடும்பத்துக்குச் சொந்தமானவை, வரிசையாகக் கிடந்தன. அதில் ஒன்று முதல்.

"ஒங்கப்பந்தான் மூத்தவரு. நீங்க போடுங்க," என்றார் ஒரு கிழவர்.

"எங்கப்பன் ஒங்கப்பன் தோள்ல ஏறித் தேனெடுத்த ஆளு. ஒங்களுது முதல்ல."

"அது எப்படி? நாங்க முந்துனா நாளைக்கு அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"எங்களுக்காக ஒங்களைப் பிந்தச் சொல்லுவமா?"

தொண்ணூற்றைந்து வருஷம் காத்திருந்தவர்கள், ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டு நின்றார்கள். யாரும் முந்தவில்லை. முதல் நாள் அது மரியாதையாக இருந்தது. மூன்றாம் நாள் பேச்சுவார்த்தையானது. கிழக்குச் சரிவில் நூறு வயதுக் கிழவி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று ஆளனுப்பினார்கள். அவளைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள், அவள் ஏழு குழாயையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் எம் பிள்ளைக," என்று சொல்லி அழுதாள். தோண்டிய பள்ளத்துக்குள் கற்கள் படி இறங்குவதுபோல இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கை நுழைந்த இடத்தில் ஒரு கை நுழைந்தது. ஆறாம் நாள் ஓடைக்கரையில் வெள்ளச்சிக்குப் பெண் பிறந்தது.

சலோமி ஓடி வந்தாள். "நல்லான், புதுக் கொடி. வாசத்தோட இருக்கு. அதையாவது போட்டுருங்க. இன்னும் நாலு நாள்ல எடம் இருக்காது."

நல்லான் பள்ளத்தைப் பார்த்தான், ஏழு கிழவர்களைப் பார்த்தான். அவர்கள் ஏழு பேரும், போடு, போடு என்று தலையாட்டினார்கள். அதுதான் அவனை நிறுத்திவிட்டது.

"எங்கப்பன் சடையாண்டியைத் தாண்டி எம் மக கொடி இறங்கலாமா? அவரு வாசல்ல நிக்கிறாரும்மா. அவரைத் தள்ளிட்டு இவ எப்படி உள்ள போவா?"

"எல்லாரும் வாசல்லயே நிக்கப் போறீங்களா?"

"நின்னு பழக்கந்தானே," என்றான் நல்லான்.

ஐம்பத்துநாலாம் நாள் காலையில் பதினோரு கல்லும் அடிமரத்தைத் தொட்டன. தோளோடு தோள் உரசி நின்றன. பன்னிரண்டாவது கல்லின் இடத்தில் உடைந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இண்டு இடுக்கில்லாமல் அடைத்துக்கொண்டன. ஒரு சத்தமும் கேட்கவில்லை. முன்தினம் வரைக்கும் கை நுழைந்த குழியில் இப்போது வெற்றிலைக்காம்பு நுழையாது. நல்லான் கடப்பாரையை வைத்து நெம்பிப் பார்த்தான், கடப்பாரை வளைந்தது. நடந்தபோது கல், நின்ற பிறகு மலை. அவை தேடி வந்த தாய், மெழுகு பூசிய ஒரு சாப்பாட்டு மேசை. அதைக் கட்டிக்கொண்டு நின்றன. முந்நூற்றுப் பன்னிரண்டு குழாயும் சுற்றிலும் கிடந்தன. வெள்ளச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, புதிதாக வெட்டிய பச்சைமூங்கிலில் முந்நூற்றுப் பதிமூன்றாவதை அடைத்து வாயைக் கட்டினாள்.

கடைசியாக நடந்து வந்த நெல்லிக்காய்த் துண்டுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அது வளையத்துக்கு வெளியே நின்றது.

எட்டாம் நாள் சர்க்கார் ஆட்கள் வந்து எல்லைக்குள் அளந்தார்கள். எஸ்டேட்டின் பரப்பு என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் பங்களா இருக்க முடியாது, பங்களாவை நம்பி லயம் இருக்க முடியாது, எஸ்டேட்டே இல்லாதபோது எஸ்டேட் கூலிகள் என்று கணக்கில் ஏற்றியிருந்த கருவேங்கைக்குடிக்காரர்கள் ஓடைச்சரிவில் இருக்க முடியாது. முப்பது நாள் தவணை கொடுத்தார்கள். தாவீது மகள் வீட்டுக்குப் போனார். போகுமுன் மேசையைக் கற்களோடு சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனார்.

இறங்கிப் போகிற அன்று நல்லான் ஜீப்பில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு குழாயை மட்டும் தனியே எடுத்து சலோமியிடம் நீட்டினான்.

"இது ஒங்களுது. ஒங்கம்மாவுக்குப் பேறு பாத்தது எங்கத்தை. ஆறுகரை வீட்டுப் பிள்ளைன்னாலும் பிள்ளைதானேன்னு எடுத்து வச்சிருந்துச்சு."

சலோமி வாங்கிப் பார்த்தாள். மற்றதைப்போலவே கறுத்திருந்தது. அதன்மேல் ஒரே ஒரு கீறல். ஐம்பத்துமூன்று வருஷம் அவர்கள் கூரையில், அவர்கள் பிள்ளைகளின் கொடிகளோடு, அதுவும் இடத்துக்குக் காத்துத் தொங்கியிருக்கிறது.

"முந்நூத்திப் பதிமூணுல இதுவும் சேத்தியா?"

"பின்ன? கடைசியில இருந்து எண்ணுனாலும் முதல்ல இருந்து எண்ணுனாலும் உண்டு."

உள்ளே போய் அந்த நெல்லிக்காய்த் துண்டைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவளும் ஜீப்பில் ஏறினாள்.

கருவேங்கைக்குடி இப்போது சந்தைப்பட்டிக்கு வெளியே, சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, தார்ப்பாய்க் குடிசைகளாக இருக்கிறது. குழாய்களை மேற்குப் பக்கத்து மறைப்பில், மலையைப் பார்த்தாற்போலக் கட்டியிருக்கிறார்கள். யாராவது செத்தால் வாசலில் ஒரு மணை போட்டு வைக்கிறார்கள். நிற்கிறவர் உட்காரட்டும் என்று. முதலில் ஒரு மணை இருந்தது. இப்போது நாலைந்து ஆகிவிட்டது. லாரிக்காரர்கள் தெரியாமல் அதில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள், யாரும் எழுப்புவதில்லை.

சலோமி அவர்களுக்கு எதிரே, பழைய நெல்மில்லை ஒட்டிய அறையில் இருக்கிறாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். மேற்கு ஜன்னல் கட்டையில் அந்தத் துண்டு இருக்கிறது. தினமும் விடியும்போது அது மலைப்பக்கம் மூன்று விரற்கடை போயிருக்கும். விட்டால் ஜன்னலைத் தாண்டி விழுந்து, சாலையைக் கடந்து, லாரிச் சக்கரத்தில் மாட்டும். அதையும் தப்பி மலையேறினாலும் அங்கே அதற்கு இடமில்லை. அதனால் அவள் எழுந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து மூன்று விரற்கடை பின்னால் வைக்கிறாள்.

வைக்கும்போது ஒரு சொல் சொல்லுவாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைப்பாள், ஆனாலும் தினமும் வாய் தானாகத் திறந்துவிடுகிறது.

"இந்தப் பழம் எடுத்துடட்டும்," என்பாள்.

அதுவும் கருவேங்கைக்குடிக்காரர்களைப் போலவே, சரி என்று வைத்துக்கொண்டு, மறுநாளும் நடக்கும்.